இரண்டு ‘சி. கந்தையா’க்கள்: 1911 குடிசன மதிப்பை வைத்துப் பிரிக்கலாமா?

வெள்ளவத்தைவாசி

வணக்கம். அம்மாவின் அப்பப்பாவைத் தேடுகிறேன். பெயர்களை மாற்றித்தான் தருகிறேன். கையில் மூன்று கடதாசிகள் இருக்கின்றன.

1908 விவாகப் பதிவு: சின்னத்தம்பி கந்தையா, வயது 24, கிளாக்கர், இருப்பிடம் கொட்டாஞ்சேனை, தகப்பன் சின்னத்தம்பி. பெண்ணின் பெயர் எங்கள் பூட்டியின் பெயரேதான்.

1919 மரணப் பதிவு: கந்தையா, வயது 40, கிளாக்கர், கொட்டாஞ்சேனை, தகப்பன் சின்னத்தம்பி. அறிவித்தவர் சகோதரர்.

1925 உறுதி (காணிப் பத்திரம்): யாழ்ப்பாணம் வட்டுக்கோட்டையில் காணி வாங்கியவர் ‘கொழும்பிலிருக்கும் சின்னத்தம்பி கந்தையா’.

செத்தவர் ஆறு வருடம் கழித்துக் காணி வாங்க முடியாது. ஆகவே குறைந்தது இரண்டு பேர். எங்கள் ஆள் யார்? பழைய குடிசன மதிப்பில் வீட்டுக்கு வீடு ஆட்களை ஒப்பிட்டால் பிரிக்கலாம் என்று பிரித்தானிய வம்சாவழிப் பக்கங்களில் இருக்கிறது. 1911 பட்டியல் கொழும்பில் எங்கே பார்க்கலாம்?

இடாப்பு

பார்க்க முடியாது. இங்கிலாந்தில் 1911, 1921 வீட்டுப் படிவங்கள் பெயரோடு திறந்திருக்கின்றன. அந்தப் பக்கங்கள் சொல்வது அதை வைத்துத்தான். இலங்கையில் 1871 முதல் பத்து வருடத்துக்கு ஒருமுறை எண்ணியதில் நம் கைக்குக் கிடைப்பது அச்சிட்ட அறிக்கைகள் மட்டுமே: அருணாசலம் பொறுப்பாக இருந்த 1901, டென்ஹாமின் 1911 போன்றவை. எல்லாம் எண்கள். ஆள் பெயர் ஒன்றும் இல்லை.

ஆனாலும் 1911 இன் ஊர்வாரித் தொகுதியை ஒருதரம் பாருங்கள். ஊர் எவ்வளவு பெரியது என்று தெரிந்தால், ‘சின்னத்தம்பி மகன் கந்தையா’ இரண்டு பேர் இருப்பது எவ்வளவு சாத்தியம் என்று ஒரு கணக்கு வரும். வட்டுக்கோட்டை அளவு ஊரில் இரண்டு என்ன, நாலும் இருக்கலாம்.

வீட்டோடு வீட்டை ஒப்பிடும் முறை நல்ல முறைதான். அதற்கு இங்கே பயன்படுவது வாக்காளர் இடாப்பு. 1931 இல் 21 வயதுக்கு மேற்பட்ட ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை வந்தது. அதன்பின் மனைவியின் பெயரும் அதே வீட்டிலக்கத்தில் விழும். கணவன், மனைவி, வயது வந்த பிள்ளைகள் என்று ஒரே இலக்கத்தில் மூன்று பெயர் பொருந்தினால், அது தனிப்பெயர் பத்துத் தடவை பொருந்துவதை விடப் பெறுமதி. 1931க்கு முந்திய இடாப்புகளில் படிப்பு, வருமானம், சொத்து உள்ளவர்கள் மட்டுமே. அவற்றில் பெயர் இல்லை என்பதால் ஆள் இல்லை என்று ஆகாது.

ஒரு பொறி. கொழும்பில் வளவு பிரியப் பிரிய வீட்டிலக்கம் மாறும், தெருப்பெயரும் மாறும். டரட் வீதி இன்று தர்மபால மாவத்தை. இலக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு வருடத்துக்கு வருடம் போகாதீர்கள். இரண்டு பக்கத்து அயலவர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். அயலவர் மாறாமல் இலக்கம் மட்டும் மாறியிருந்தால் அதே வீடுதான்.

உறுதிக்கட்டு

இடாப்புக்குப் போக முன்னம் ஒரு சின்ன வேலை. 1908 இல் கட்டியவர் 1919 இல் செத்தவரா என்பதுதானே முதல் கேள்வி? பூட்டியின் கடைசிப் பிள்ளை எப்போது பிறந்தது? அந்தப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை எடுங்கள். 1920 கடைசியிலோ அதற்குப் பிறகோ பிறந்து, தகப்பன் பெயர் இதுவாக இருந்தால், 1919 மரணம் வேறொருவருடையது. அதோடு பாதிப் பிரச்சினை முடிந்தது. பதிவு இல்லாமல் பின்னாளில் எடுத்த உத்தேச வயதுச் சான்றிதழாக இருந்தால் அந்தத் திகதியை இதற்குச் சாட்சியாக எடுக்க வேண்டாம்.

இனி 1925 உறுதி. கையொப்பத்தை விவாகப் பதிவோடு ஒப்பிடலாம் என்று எல்லாரும் நினைப்பார்கள். அறுதி உறுதியில், அதாவது விற்பனைப் பத்திரத்தில், கையொப்பம் வைப்பவர் விற்றவர். பிறகு சாட்சிகள், நொத்தாரிசு. வாங்கியவரின் கையொப்பம் அதில் பெரும்பாலும் இராது. அவர் பின்னாளில் அந்தக் காணியை விற்ற உறுதியையோ, மகளுக்கு எழுதிய சீதன உறுதியையோ தேடுங்கள். அங்கேதான் அவர் கை பதிந்திருக்கும். கையொப்பம் உள்ள பிரதி காணிப் பதிவகத்தில் இருக்கும். கச்சேரியில் எடுத்த விவாகப் பிரதியிலும் கவனம்: கிளாக்கர் பார்த்து எழுதிய பிரதி என்றால் அதிலுள்ள ‘கையொப்பம்’ கிளாக்கரின் எழுத்து. மூலப் புத்தகத்தின் நிழற்பிரதி கேளுங்கள்.

யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி கலியாணத்துக்குப் பிறகு உழைத்து வாங்கியது தேடியதேட்டம். அதில் பாதி மனைவிக்கு. அதனால் அந்தக் காணியின் அடுத்த உறுதியில் மனைவி வரக்கூடும், ஒன்றில் கூட எழுதுபவராக, அல்லது ‘கந்தையா விதவை’ என்று. கணவன் தனியே விற்கவும் முடிந்ததால், மனைவி பெயர் இல்லை என்பதை மட்டும் வைத்து ஒன்றும் முடிவு கட்ட முடியாது. பூட்டியின் பெயர் அங்கே இருந்தால் வாங்கியவர் உங்கள் ஆள். வேறு பெண் பெயர் என்றால் உடனே கைவிடாதீர்கள், இரண்டாம் தாரமாகவும் இருக்கலாம். விவாகப் பதிவில் ‘தாரமிழந்தவர்’ என்று உண்டா என்று பாருங்கள்.

தேடுவது சுலபம். பதிவகப் புத்தகம் காணிவாரியாக ஓடுகிறது, ஆள்வாரியாக அல்ல. 1925 உறுதியின் பின்புறத்தில் புத்தக, பக்க இலக்கம் முத்திரையோடு இருக்கும். அந்தப் பக்கத்தைத் திறந்தால் அதே காணியின் பிந்திய உறுதிகள் வரிசையாக வரும்.

வெள்ளவத்தைவாசி

பெரிய உதவி. கடைசிப் பிள்ளை 1917. அதனால் அந்தச் சோதனை உதவவில்லை. மரணப் பதிவில் 40 வயது என்றால் பிறந்தது 1879. விவாகப்படி 1884. ஐந்து வருட வித்தியாசம், ஆகவே இரண்டு ஆள் என்று எடுக்கலாமா?

முகத்துவாரம்

எடுக்கக் கூடாது. அந்தக் காலத்து வயதுகள் 30, 35, 40 என்று உருண்டு நிற்கும். குடிசன மதிப்புக்காரரே இதைப் பற்றிப் புலம்பியிருக்கிறார்கள். மரணப் பதிவில் வயது சொல்வது செத்தவர் அல்ல, அறிவித்தவர். ‘40’ என்பதை 35க்கும் 45க்கும் இடையில் என்று வாசியுங்கள். 1908 இல் 24 என்றவருக்கு 1919 இல் 35. அதற்குள் அடங்குகிறது. வயது இங்கே சேர்க்கவும் உதவாது, பிரிக்கவும் உதவாது.

அறிவித்தவர் சகோதரர் என்பதுதான் உங்களிடம் உள்ள நல்ல துரும்பு. அவர் பெயரும் முகவரியும் பதிவில் இருக்க வேண்டும். பூட்டனுக்கு அந்தப் பெயரில் சகோதரர் உண்டா? 1908 பதிவின் சாட்சிகளில் அவர் இருக்கிறாரா? மனைவி உயிரோடிருக்கச் சகோதரர் அறிவித்ததை மட்டும் வைத்து ‘இவர் கலியாணம் கட்டாதவர்’ என்று முடிவு கட்ட வேண்டாம். மனைவி ஊரில், கணவன் கொழும்பில் உத்தியோகம் என்பது சாதாரணம்.

பெயரைப் பற்றி ஒன்று. பேரனுக்குப் பாட்டன் பெயர் வைக்கும் குடும்பத்தில் கந்தையா மகன் சின்னத்தம்பி, சின்னத்தம்பி மகன் கந்தையா என்று சக்கரம் சுற்றும். தகப்பன் பெயரோடு சேர்ந்து அதே சோடி திரும்ப வர இரண்டு தலைமுறை, ஏறக்குறைய ஐம்பது அறுபது வருடம் ஆகும். உங்கள் இரண்டு பேரும் சமவயதுக்காரர். ஆகவே பாட்டனும் பேரனும் அல்ல. ஒன்றுவிட்ட சகோதரருக்குத் தகப்பன் பெயர் வேறாக இருக்கும், அதுவும் பெரும்பாலும் இல்லை. மிஞ்சுவது, உறவே இல்லாத இரண்டு சின்னத்தம்பிமார். அதனால் இருவரையும் ஒரே மரத்தில் சேர்க்க அவசரப்படாதீர்கள்.

இங்கிலிஷ் ஆவணங்களில் தேடும்போது சின்னத்தம்பியை எஸ், சி இரண்டிலும், கந்தையாவை கே, சி இரண்டிலும் பாருங்கள். ‘எஸ். கந்தையா’வும் ‘சி. கந்தையா’வும் ஒரே ஆளாக இருக்கலாம். முதலெழுத்தைக் கண்டு இரண்டு ஆளாக்கியவர்கள் நிறையப் பேர்.

தேசிய சுவடிகள் காப்பகத்துக்குப் போனால் பழைய அரச வர்த்தமானியில் இரண்டு இடத்தைத் திறவுங்கள். ஒன்று, ஜூரர் (வழக்கில் தீர்ப்புச் சொல்ல அழைக்கப்படும் பொதுமக்கள்) பட்டியல்: பெயர், தொழில், இருப்பிடம். 1919க்குப் பின்னும் கொட்டாஞ்சேனைக் கிளாக்கர் ஒரு கந்தையா நின்றால் இரண்டாமவர் கிடைத்துவிட்டார். மற்றது, மாவட்ட நீதிமன்ற மரணசாதன (செத்தவரின் சொத்துப் பற்றிய) வழக்கு அறிவித்தல்கள்: செத்தவர், ஊர், மனுதாரர், எதிர்மனுதாரர். இந்தக் கடைசி இரண்டும் அநேகமாக விதவையும் பிள்ளைகளும்தான். 1919, 1920, 1921 மூன்று வருடமும் பாருங்கள், வழக்குப் பிந்தித் தொடங்குவது உண்டு.

உறுதிக்கட்டு

முகத்துவாரம் சொன்னதோடு ஒன்று: அந்தக் காணி பிறகு பங்கீட்டு வழக்குக்குப் போயிருந்தால் கோவையில் வம்சாவழி வரைந்தே இருக்கும். பொன்னான பத்திரம். ஆனால் அது பங்கு கேட்பவர் வரைந்தது. பங்கில்லாத பெண் பிள்ளைகளும் சந்ததியில்லாமல் செத்தவர்களும் விடுபட்டிருப்பார்கள்.

இடாப்பு

குறிப்பு எடுக்கும்போது ஆளுக்கு ஒரு தாள் போடாதீர்கள், ஆவணத்துக்கு ஒரு வரி போடுங்கள்: திகதி, எழுதியபடியே பெயர், தகப்பன், வயது, தொழில், இருப்பிடம், கூட நின்றவர்கள். 1908ஐ ‘அ’, 1919ஐ ‘ஆ’, 1925ஐ ‘இ’ என்று வையுங்கள். பெயரும் தகப்பன் பெயரும் தவிர இன்னும் இரண்டு விடயம் பொருந்தினால் மட்டும் எழுத்துகளைச் சேருங்கள். ‘கொட்டாஞ்சேனை’, ‘கிளாக்கர்’ இரண்டையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அந்தக் காலத்தில் அங்கே தடுக்கி விழுந்தால் ஒரு கிளாக்கர் மேல்தான் விழ வேண்டும்.

வெள்ளவத்தைவாசி

1908 பிரதியை மறுபடி பார்த்தேன். சாட்சி இருவரில் ஒருவரின் பெயரும் 1919 இல் அறிவித்த சகோதரரின் பெயரும் ஒன்று, தகப்பன் பெயர் உட்பட. அப்படியென்றால் 1925 காரர்தான் வேற்றாள் போலிருக்கிறது.

முகத்துவாரம்

சாட்சியின் இருப்பிடமும் அறிவித்தவரின் இருப்பிடமும் ஒன்றா? அவரும் சின்னத்தம்பி மகன்தானே. அந்தப் பெயரிலும் இரண்டு பேர் இருக்கலாம். 1925 காணியின் அடுத்த உறுதியையும் எடுத்துவிட்டு எழுதுங்கள்.