அக்ளிமேஷன்: பழகலா, இசைவுறலா? சனிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

தருமபுரி, திங்கள் இரவு

கலைச்சொல் குழுமத்தார்க்கு வணக்கம்.

மாறிவரும் கடலுக்குக் கடற்பாசிகள் எவ்வாறு ஈடுகொடுக்கின்றன என்ற பாடத்தை எங்கள் கல்லூரியின் தமிழ்வழித் தாவரவியல் மாணவர்களுக்காகத் தமிழில் எழுதிவருகிறேன். சனிக்கிழமை காலை அது அச்சுக்குப் போக வேண்டும். மூன்று நாளாக ‘அக்ளிமேஷன்’ என்ற ஒரே ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேடிச் சிக்கி நிற்கிறேன்.

‘அடாப்டேஷன்’ என்பதற்குத் தகவமைவு என்ற சொல் பள்ளிப் பாடநூல்களிலேயே வேரூன்றிவிட்டது. அது தலைமுறை தலைமுறையாக மரபணுவில் நிகழ்வது. நான் கேட்பது ஒரே செடி தன் வாழ்நாளுக்குள் செய்துகொள்ளும் மாற்றத்துக்கான பெயர். நீர் வெதுவெதுப்பானால் ஒரு பழுப்புப் பாசி சில நாள்களில் தன் உயிரணுச் சவ்வின் கொழுப்பை மாற்றிக்கொள்கிறது, சூட்டில் மற்றப் புரதங்கள் கெடாமல் காக்கும் வெப்ப அதிர்ச்சிப் புரதங்களைக் கூட்டுகிறது. ஒளி குறைந்தால் நிறமிகளைப் பெருக்குகிறது. பழைய நிலை திரும்பினால் தானும் திரும்பிவிடுகிறது. இரண்டையும் தகவமைவு என்றே எழுதினால், கடல் எவ்வளவு சூடேறினாலும் பாசி சமாளித்துக்கொள்ளும் என்று மாணவர் எண்ணிவிடுவர். 2011இல் மேற்கு ஆஸ்திரேலியக் கரையில் கடல் வெப்ப அலை வந்தபோது கெல்ப் என்னும் பெரிய பழுப்புப் பாசிகளின் காடுகள் ஏறத்தாழ 100 கி.மீ. நீளத்துக்கு அழிந்து, அந்த இடத்தைக் குட்டையான புல்பாசிகள் பிடித்துக்கொண்டன. வாழ்நாள் மாற்றத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பதே அந்தப் பாடத்தின் உயிர்.

ஓசூர், திங்கள் நள்ளிரவு

அம்மையீர், இதற்கு ‘இசைவாக்கம்’ என்று எழுதலாமே. ஈழத்துப் பாடநூல்களில் நெடுங்காலமாக இருக்கும் அழகிய சொல்.

தருமபுரி, செவ்வாய்

ஐயா, அழகிய சொல்தான்; ஆனால் அங்கே அது ‘அடாப்டேஷ’னைக் குறிக்கிறது. நாம் அதை எடுத்து வேறு பொருளில் வழங்கினால், பாக் நீரிணையின் இரு கரையிலும் ஒரே பாசியைப் பற்றி எதிரெதிராகப் பேசிக்கொண்டிருப்போம்.

காவேரிப்பட்டினம், செவ்வாய்

அன்புள்ள குழுமத்தார்க்கு. ஓய்வுபெற்ற தமிழாசிரியன் என்ற முறையில் முதலில் பாசியிலிருந்து தொடங்குகிறேன், பொறுத்தருள்க. பசு என்னும் வேரிலிருந்து பசுமை, பச்சை, பாசிலை, பாசடை, பாசி. எனவே ‘செம்பாசி’ என்று நீங்கள் எழுதும்போதெல்லாம் ‘சிவந்த பச்சை’ என்றே என் காதில் விழுகிறது. அது கிடக்கட்டும். குறுந்தொகை 399இல் பரணர், ஊருண் கேணியின் பாசி தொடுந்தோறும் விலகி, விடுந்தோறும் பரவும் என்று, காதலன் பிரிவால் மேனியில் படரும் பசலைக்கு உவமை சொல்கிறார். தூண்டல் வந்தால் ஒரு நிலை, தூண்டல் நீங்கினால் பழைய நிலை. அம்மையார் கேட்கும் மீள்தன்மை ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே பாடப்பட்டுவிட்டது.

அரூர், செவ்வாய் மாலை

ஐயா, அந்தப் பாசி தன்னை மாற்றிக்கொள்ளவில்லை. கை பட்டதும் நகர்ந்தது, கையை எடுத்ததும் வந்து மூடியது. ஒகேனக்கல் பாறையில் வழுக்கி விழுந்தவர்களைக் கேட்டால், பாசி எதற்கும் விலகாது என்றே சொல்வார்கள்.

பாலக்கோடு, புதன் காலை

நான் தமிழ் படித்தவன் அல்லன். தக்காளி நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறேன். அம்மா சொல்லும் செயலை நாங்கள் ஆண்டு முழுவதும் செய்கிறோம். 98 குழித்தட்டில் தென்னை நார்க்கழிவு நிரப்பி, நிழல்வலைக்குள் வளர்த்த நாற்றை அப்படியே வயலுக்கு அனுப்பினால் இரண்டே நாளில் துவண்டுவிடும். ஆகையால் கடைசி வாரத்தில் தண்ணீரைக் குறைத்து, வலையைக் காலையில் கொஞ்சம், மறுநாள் இன்னும் கொஞ்சம் என்று சுருட்டுவோம். இலையின் வெளிர்பச்சை கருத்துத் தடிப்பேறும். தண்டைக் கிள்ளினால் முன்போல நீர் தெறித்து முறியாமல் நார்போல வளையும். விதை அதேதான். வேளாண் கையேட்டில் இதற்குக் கடினப்படுத்துதல் என்று போட்டிருக்கிறது. வாங்க வருகிற எவரும் அப்படிக் கேட்பதில்லை. ‘வெயிலுக்குப் பழகின நாற்றா?’ என்றுதான் கேட்கிறார்கள்.

தருமபுரி, புதன்

தம்பி, இத்தனை நாளாக அகராதிகளில் தேடியது உங்கள் நாற்றங்காலில் இருந்திருக்கிறது. பழகல்.

ஓசூர், புதன்

எனக்கு உடன்பாடில்லை. பழகுவது அறிவுள்ள உயிரின் செயல். நாய் பழகும், பிள்ளை பழகும். பாசி பழகுமா? மேலும், ‘பழக்கம்’ என்றதும் மாணவன் மனத்தில் நிற்பது ‘கெட்ட பழக்கம்’. கலைச்சொல்லுக்குச் சற்றே தொலைவு வேண்டும். தெருவில் கிடக்கும் சொல்லைத் தூக்கி வந்தால் தெருவின் தூசியும் கூடவே வரும்.

காவேரிப்பட்டினம், புதன் இரவு

புல்லும் மரனும் ஓரறிவினவே என்றார் தொல்காப்பியர். அந்த ஓர் அறிவு ஊறு, அதாவது தொடுவுணர்வு. சூட்டுக்குப் பழக அது போதும். பழகு என்பதன் வேரையும் பாருங்கள்: பழு, பழம், பழமை, பழகு, பழுது. முதிர்வதும் நாள்படுவதும் கெடுவதும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் துணிபு. எல்லைக்குள் பழகல், எல்லை தாண்டினால் பழுது. மேற்கு ஆஸ்திரேலியக் கெல்புக்கு நேர்ந்தது இரண்டாவது. இலக்கணமும் துணை நிற்கிறது. பழகு தன்வினை, பழக்கு பிறவினை. ஆய்வுக்கூடத் தொட்டியில் நாம் வெப்பத்தைப் படிப்படியாக ஏற்றிச் செய்விப்பது பழக்கல். கடலில் பாசி தானே செய்துகொள்வது பழகல். ஆங்கிலத்தார் அக்ளிமேஷன், அக்ளிமடைசேஷன் என்று இரண்டு நீண்ட சொற்களால் சொல்வதை நாம் ஒரு ககர ஒற்றால் சொல்லிவிடலாம்.

அரூர், வியாழன்

ஒரு ககர ஒற்றுத்தான் வேறுபாடு என்றால் விடைத்தாள் திருத்துபவன் கதி என்ன, ஐயா? பத்தாம் வகுப்பில் ஒற்றுப்பிழைக்கு நான் மதிப்பெண் குறைப்பதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. குறைத்தால் எவனும் தேற மாட்டான். ‘தகவமைவு’க்கு இணையாகப் ‘பழகமைவு’ என்று வைத்தால் இரண்டும் உடன்பிறந்தவை என்பது கேட்டவுடனே தெரியும்.

தருமபுரி, வியாழன்

கேட்டவுடனே இரண்டும் ஒன்றாகத் தோன்றும் என்பதுதான் என் அச்சம். வகுப்பில் இன்று இரண்டையும் சொல்லிப் பார்த்தேன். பின்வரிசையில் இருந்தவர்கள் இரண்டு இடத்திலும் தகவமைவு என்றே எழுதியிருந்தார்கள். பழகல், பழக்கல் பிரிவு நுட்பமானது. ஆனால் தாவரவியல் நூலார் பெரும்பாலும் இரண்டுக்கும் அக்ளிமேஷன் என்றே எழுதிவிடுவதால், ‘பழகல்’ ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன்.

ஓசூர், வியாழன்

சொல்லில் தூய்மை வேண்டாம் என்றால் துல்லியமாவது வேண்டும். உங்கள் பாடத்தில் ‘கடல் அமிலமாகிறது’ என்றிருக்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் ஏறத்தாழ 8.2 ஆக இருந்த பிஎச் என்னும் அமில-கார அளவு இன்று 8.1; ஏழுக்கு மேல் இருப்பதால் இன்னமும் காரம்தானே? ‘காரம் தணிதல்’ என்று எழுதுங்கள்.

தருமபுரி, வியாழன் இரவு

அந்த 0.1 மடக்கை அளவு, ஐயா; ஓர் எண் குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு. அமிலத்தன்மை தரும் ஹைட்ரஜன் அயனிகள் கால்பங்குக்கு மேல் கூடியிருக்கின்றன. சுண்ணாம்பு ஓடு கட்டும் பவளப்பாசிகளுக்கு அது கூலியில்லாத கூடுதல் வேலை. ஓடில்லாத சில பாசிகளுக்கோ, கடலை அமிலமாக்கும் அதே கூடுதல் கரியமில வாயு உணவாகிறது. போகும் திசையைச் சொல்லவே ‘ஆதல்’ என்ற வினை. ‘காரம் தணிதல்’ என்றால் எங்கள் ஊரில் குழம்பில் தேங்காய்ப்பால் ஊற்றியதாகவே கொள்வார்கள்.

பாலக்கோடு, வெள்ளி காலை

இராமநாதபுரம் பக்கத்தில் பாசி எடுக்கும் பெண்கள் என்ன சொல்கிறார்கள் என்று யாராவது கேட்டீர்களா?

தருமபுரி, வெள்ளி

அவர்கள் வைத்த பெயர்களைப் பாடத்தில் முன்பே சேர்த்துவிட்டேன்: மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை. வெளியிலிருந்து வந்து மண்டபம் பகுதியில் மூங்கில் மிதவைகளில் வளர்க்கப்படும் கப்பாஃபைகஸ் என்னும் செம்பாசிக்கு, அதை வளர்க்க முன்வந்த குளிர்பான நிறுவனத்தை வைத்துப் ‘பெப்சி பாசி’ என்றே பெயரிட்டுவிட்டார்கள். எந்தக் குழுவும் கூடவில்லை. நீர் சூடேறினால் அதன் கிளைகள் வெளிறி மென்மையாகி ஒடிந்துவிடும். 2013, 2014இல் அது பெருமளவில் மடிந்தபோது, பழகலின் எல்லை அங்கேயே தெரிந்தது.

இன்று மாலை வரை வந்த கருத்துகளில் பழகலுக்கு ஐவர், பழகமைவுக்கு இருவர். பழகல் என்றே அச்சுக்குக் கொடுக்கிறேன்.

ஓசூர், வெள்ளி இரவு

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், ஒப்புக்கொள்ளவில்லை. என் மொழிபெயர்ப்புகளில் ‘இசைவுறல்’ என்றே எழுதுவேன். போகட்டும், அந்த வெளிறி ஒடியும் நோயை ‘ஐஸ்-ஐஸ்’ என்றே விட்டிருக்கிறீர்களே. ‘வெண்முறிவு’ என்று ஒரு தனி இழை தொடங்கட்டுமா?

தருமபுரி, வெள்ளி இரவு

திங்கட்கிழமைக்குப் பிறகு தொடங்குங்கள், ஐயா.