புதுப்பிப்பு: முன் சீட் பெல்ட் பிரிடென்ஷனர் மாற்றியாச்சு, ஏர்பேக் விளக்கும் அணைந்தது

சிறு மோதலுக்குப் பின் ஓட்டுநர் பக்க பெல்ட் இறுகி நின்றுவிட்டது, ஏர்பேக் விளக்கு அணையவில்லை என்று கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லோருக்கும் நன்றி. (பிரிடென்ஷனர் என்பது மோதலின்போது சிறு வெடிப்பால் பெல்ட்டை இறுக்கும் கருவி.)

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி 10 நிமிடம் கழித்தே பி-பில்லர் (முன், பின் கதவுகளுக்கு நடுவிலுள்ள தூண்) உறையைத் திறந்தேன். ஏர்பேக் மாட்யூலின் (ஏர்பேக்கைக் கட்டுப்படுத்தும் கணினி) கெபாசிட்டரில் மின்சாரம் மிச்சமிருக்கும். போல்ட்டுகள் புதியவை, டார்க் ரென்ச்சில் (முறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்) கையேட்டு அளவுக்கு முறுக்கியவை. பிரிடென்ஷனரோடு வரும் புது பெல்ட் ரீலைச் சாய்த்துப் பிடித்தால் பெல்ட் வெளியே வராது. அது பழுதல்ல, நேராகப் பொருத்தியதும் சரியாகிவிடும்.

எதிர்பாராதது: மாட்டிய பிறகும் விளக்கு எரிந்தது, ஸ்கேனர் காட்டிய பிழைக் கோடு (code) 'பிரிடென்ஷனர் மின்தடை அதிகம்'. மல்டிமீட்டரை பிரிடென்ஷனரில் வைக்கச் சொன்ன யோசனையைத் தவிர்த்தேன்; மீட்டர் விடும் மின்சாரமே அதை வெடிக்க வைக்கலாம். பலித்தது இன்னொருவர் சொன்னது: மறுபடி பேட்டரியைக் கழற்றிக் காத்திருந்து, வயரிங் பக்கக் கனெக்டரில் பிரிடென்ஷனருக்குப் பதில் 2 ஓம் ரெசிஸ்டர். கோடு உடனே 'பழையது' (இப்போது இல்லாத பிழை) என்று மாறியது. அப்படியானால் வயரிங் நன்று. குற்றவாளி மஞ்சள் கனெக்டரின் பூட்டு, பாதிதான் இறங்கியிருந்தது. 'கிளிக்' கேட்கும்வரை அழுத்தி, ஸ்கேனரில் கோடை அழித்ததும் முடிந்தது.

மாட்யூல் மாற்றத் தேவைப்படவில்லை. மோதல் பதிவு பூட்டப்பட்டிருந்தால் மட்டும் ஸ்கேனரால் அழியாது. கடைசியாக, முதல்முறை இக்னிஷன் போடும்போது சீட்டில் யாரும் இருக்கக் கூடாது.