காய்ச்சல் விட்ட பிறகு மங்கிய கண்

கோண்டாவிலில் இருந்து ஒரு அம்மா:

மகனுக்கு ஒன்பது வயது. கொப்பளிப்பான் மாறி, வேப்பிலை போட்ட தண்ணீரில் முழுக வார்த்து, பள்ளிக்கூடமும் போகத் தொடங்கிவிட்டான். இரண்டு கிழமை கழித்து ஒருநாள், "அம்மா, கரும்பலகை தெரியேல்லை" என்றான். கண் சிவக்கவில்லை, பீளையும் இல்லை. கண்ணை உருட்டினால் மட்டும் உள்ளுக்குள் நோகுதாம். அம்மாள் வருத்தத்தின் சூடு என்று மாமி சொன்னா. நல்லெண்ணெய் வைத்து முழுக வார்த்தேன். மூன்றாம் நாள் முன்னால் இருந்த சோற்றுக் கோப்பையைக் கையால் தடவித் தேடினான். எனக்கு உடம்பெல்லாம் விறைத்துப் போனது.

கண் டொக்டர் முதலில் கேட்டதே, "தம்பிக்குக் கிட்டடியில காய்ச்சல் ஏதும் வந்ததோ?" என்றுதான். வைரஸை எதிர்க்கக் கிளம்பிய எதிர்ப்புச் சக்தி ஆள்மாறி, பார்வை நரம்பைச் சுற்றியிருக்கும் உறையைத் தாக்கிவிடுமாம்; இதைப் பார்வை நரம்பு அழற்சி என்பார்களாம். அதனால்தான் வருத்தம் மாறி ஒன்றிரண்டு கிழமைக்குப் பிறகு வருகிறது. கொப்பளிப்பான் மட்டுமில்லை, சின்னமுத்து, கூகைக்கட்டு, வெறும் தடிமன் காய்ச்சலுக்குப் பிறகும் வரலாம். பிள்ளைகளுக்கு இரண்டு கண்ணையும் சேர்த்துப் பிடிப்பது அதிகமாம். ஸ்கான் எடுத்து, மெதைல்பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் மருந்தை மூன்று நாள் நாளத்தால் ஏற்றி, அப்புறம் குளிசையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். இப்போது கடைசி வரி வரை வாசிக்கிறான். எண்ணெய் வைத்து வீணாக்கின அந்த இரண்டு நாளை நினைத்தால் இன்றைக்கும் நித்திரை வராது.

சங்கானையில் இருந்து ஒருவர்:

அக்கா, எனக்குப் போன மாரியில் டெங்குக்குப் பிறகு இடக்கண் மங்கியது. முற்றத்துச் செவ்வரத்தம்பூவை வலக்கண்ணால் பார்த்தால் நல்ல சிவப்பு, இடக்கண்ணால் பார்த்தால் தோய்த்துத் தோய்த்து வெளிறின துணி மாதிரி. நிறம் மங்குவது இந்த வருத்தத்தின் முக்கிய அடையாளமாம். ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்திராவிட்டால் எனக்கு விளங்கியே இருக்காது.

ஒன்று சொல்ல வேணும். ஸ்டீரொயிட்தானே என்று பாமசியில் குளிசை வாங்கிப் போடாதேங்கோ. 1992இல் வெளியான அமெரிக்க ஆய்வில், வழக்கமான அளவுக் குளிசையை மட்டும் எடுத்தவர்களுக்கு இது திரும்ப வருவது கூடுதலாக இருந்தது. நாளத்தால் ஏற்றினவர்களுக்குப் பார்வை கெதியாகத் திரும்பியது.

நல்லூரில் இருந்து ஒரு தங்கச்சி:

எங்கள் அம்மாவுக்கு நடந்தது வேறு மாதிரி. 68 வயது. ஒருபக்க நெற்றியில் தொடங்கி மூக்கு நுனி வரை அக்கிக் கொப்புளம். சின்ன வயதில் வந்த கொப்பளிப்பான் வைரஸ்தான் நரம்புக்குள் இத்தனை காலம் ஒளிந்திருந்து திரும்ப எழும்புகிறதாம். மூக்கு நுனியில் கொப்புளம் கண்டால் கண்ணுக்கும் ஆபத்து என்று அர்த்தம். அது எங்களுக்குத் தெரியாது. கொப்புளம் போட்டு மூன்று நாளுக்குள் அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைத் தொடங்க வேணுமாம். நாங்கள் போனது ஆறாம் நாள். அம்மாவுக்கு அந்தக் கண்ணில் இப்போது ஆள் அசைவது மட்டும்தான் தெரியும்.