இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வந்து இறங்கியவர்களுக்கு: தெரிந்த சொற்களில்தான் கவனம் வேண்டும்

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, ஆங்கிலச் சொற்களை எப்படிப் பெருக்கிக்கொள்வது? நல்ல ஆப் ஏதாவது இருக்கிறதா?" தெரியாத சொல் காதில் விழுந்தால் போனில் தேடிப் பார்த்துவிடுவீர்கள். நமக்குத் தெரிந்த சொல் இங்கே வேறு பொருளில் வரும்போதுதான் இடிக்கும், ஏனென்றால் அதை யாரும் தேடிப் பார்ப்பதில்லை.

நாங்கள் வந்த இரண்டாம் மாதம் என் மனைவிக்கு விடாத இருமல். டாக்டரிடம் பதிவு செய்தோம். "செவ்வாய்க்கிழமை 10 மணிக்கு சர்ஜரிக்கு வரவும்" என்று மெசேஜ் வந்தது. இருமலுக்கு எதற்கு ஆபரேஷன் என்று அவள் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் அழுதாள். பிரிட்டனில் ஜி.பி. (குடும்ப டாக்டர்) உட்காரும் கிளினிக்குக்கும் சர்ஜரி என்றுதான் பெயர். அன்று எங்களுக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இந்தப் பக்கம் பலருக்கு 'டீ' என்றால் சாயங்காலச் சாப்பாடு. பக்கத்து வீட்டுக்காரர் "ஹாஃப் ஃபைவுக்கு டீக்கு வாங்க" என்றால், ஐந்தரைக்கு வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு போங்கள். (ஜெர்மனியில் இருந்துவிட்டு வருகிறவர்கள் கவனிக்க: அங்கே 'பாதி ஐந்து' என்றால் நாலரை.) கடைக்காரர் "ஆல்ரைட், லவ்?" என்றால் அது வணக்கம் மாதிரி. திருப்பி "ஆல்ரைட்" என்றால் போதும். மேலாளர் உங்கள் வேலையைப் பார்த்து "க்வைட் குட்" என்றால் பெரும்பாலும் 'பரவாயில்லை' ரகம். "நாட் பேட்" என்றால் மெச்சுகிறார்.

நம் ஊர் ஆங்கிலத்தையும் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். இன்டர்வியூவில் "2019இல் பாஸ்ட் அவுட்" என்றால் மயங்கி விழுந்ததாக நினைப்பார்கள். "கிராஜுவேட்டட்" என்று சொல்லுங்கள். "ஐ ஹேவ் எ டவுட்" என்றால் உங்களுக்கு நம்பிக்கை இல்லை என்று படும். "கொஸ்டின்" என்றால் சரி. நாம் பேசுவது தப்பான ஆங்கிலம் இல்லை, நம் நாட்டு ஆங்கிலம். அதற்காக வெட்கப்படவே வேண்டாம்.

அப்புறம், எனக்குக் கைகொடுத்தது ஒரு சின்ன நோட்டுதான். சொல்லையும் அர்த்தத்தையும் மட்டும் எழுதாமல், யார், எங்கே, எப்படிச் சொன்னார்கள் என்று முழு வாக்கியமாக எழுதினேன். 'பாப்' என்ற சொல்லுக்கு ஒரு பக்கம். ரிசப்ஷனில்: "பாப் இன் எனி டைம்". அலுவலகத்தில்: "பாப் யுவர் கோட் ஆன் த சேர்". நர்ஸ்: "பாப் அப் ஆன் த பெட்". மூன்றாவதை எழுதியபோதுதான் பிடிபட்டது: "கொஞ்சம் உட்காருங்க" என்கிறோமே, அந்தக் 'கொஞ்சம்' செய்யும் வேலையைத்தான் இது செய்கிறது. எந்த அகராதியும் எனக்கு இப்படிப் புரியவைத்ததில்லை.

பேசிப் பழக ஆள் இல்லாவிட்டால் கவுன்சில் நூலகத்தில் விசாரியுங்கள். உறுப்பினராகக் காசு கிடையாது. ஆங்கில உரையாடல் குழு நடக்கும் நூலகங்களும் உண்டு.

உடம்பு விஷயத்தில் மட்டும் ஆங்கிலப் பயிற்சி வேண்டாம். மருத்துவ ஆலோசனைக்கான 111 எண்ணுக்குப் போன் செய்தால் "தமிழ் இன்டர்ப்ரெட்டர், ப்ளீஸ்" என்று மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. சர்ஜரியில் அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதும் முன்கூட்டியே இதைக் கேட்டு வைக்கலாம்.