பழவேற்காடு ஏரிக்கரை: குழந்தைகளோடு நடந்துபோய் இறால் பிடிப்பதைப் பார்க்க முடியுமா?

பெரம்பூர்வாசி:

வணக்கம். பொங்கல் விடுமுறையில் பழவேற்காடு போகலாம் என்று வீட்டில் பேச்சு. நான், மனைவி, ஏழு வயதுப் பையன், நான்கு வயதுப் பெண், கூட என் அம்மா. பையனுக்குப் பறவை மேல் ஆர்வமில்லை. அங்கே பெண்கள் தண்ணீருக்குள் உட்கார்ந்து, கூடையை வாயில் கவ்விக்கொண்டு வெறும் கையால் இறால் பிடிக்கும் படம் ஒன்றைப் பார்த்துவிட்டான். ‘நாமும் பிடிக்கலாமாப்பா?’ என்று விடாமல் கேட்கிறான். கரையோரமாக நடந்துபோய்ப் பார்க்க முடியுமா? பிள்ளைகள் தண்ணீரில் இறங்கலாமா? அம்மாவுக்கு மூட்டுவலி, அதிக தூரம் நடக்க முடியாது. அவருக்காகப் படகு ஏதாவது கிடைக்குமா?

பூநாரை நேசன்:

படகு வேண்டவே வேண்டாம். 2011 கிறிஸ்துமஸ் அன்று அங்கே சுற்றிப்பார்க்கப் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதில் குழந்தைகளும் இருந்தார்கள். அதற்குப் பிறகு சுற்றுலாப் படகுக்குத் தடை. ‘ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம் சார்’ என்று யார் கூப்பிட்டாலும் ஏறாதீர்கள்.

ஜனவரி நல்ல மாதம், பூநாரைகள் இருக்கும். கும்மிடிப்பூண்டி லோக்கலில் வந்து பொன்னேரியில் இறங்கினால் அங்கிருந்து பஸ். டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டம் ஊருக்குள்ளேயே இருக்கிறது, அம்மாவுக்குச் சிரமமில்லை. அதன் வாசலில் எலும்புக்கூடு செதுக்கியிருப்பார்கள். பையனுக்குக் கண்டிப்பாகப் பிடிக்கும்.

ஏரிக்கரை டீச்சர்:

நான் இந்தப் பக்கத்துக்காரி. இறால் பிடிக்கும் பெண்களின் பிள்ளைகள் சிலர் என்னிடம் படிக்கிறார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாராளமாக வாருங்கள், கரையில் நடங்கள், பாருங்கள். ஆனால் பையனைத் தண்ணீரில் இறக்கி ‘நீயும் பிடி’ என்று விடாதீர்கள். அது அவர்கள் வேலை செய்யும் இடம்.

நீங்கள் படத்தில் பார்த்தவர்களில் பெரும்பாலும் இருளர் பெண்கள். ஏரியின் ஆழம் குறைந்த ஓரங்களில், முழங்கால் அளவோ இடுப்பளவோ தண்ணீரில், வரிசையாகவோ கூட்டமாகவோ இறங்குவார்கள். பகலில் இறால் சேற்றில் பதுங்கிக் கிடக்கும். இரண்டு உள்ளங்கையையும் சேற்றின் மேல் மெதுவாக நகர்த்திக்கொண்டே போனால் துள்ளல் தட்டும். அந்த நொடியில் அமுக்கிவிட வேண்டும். இரண்டு கைக்கும் வேலை இருப்பதால்தான் பனையோலையில் முடைந்த பறியைப் பல்லில் கவ்விக்கொள்கிறார்கள். பிடித்த இறால் அதற்குள் போகும். இப்படி மணிக்கணக்கில். கரையேறும்போது அவர்கள் விரல்களைப் பாருங்கள், ஊறி வெளுத்துப் போயிருக்கும். உடைந்த சிப்பி கிழித்த காயங்கள் இருக்கும். வருடக்கணக்காகக் கவ்விக் கவ்விப் பல் வலி என்று சொல்லும் அம்மாக்களை எனக்குத் தெரியும்.

ஏன் வலை போடக் கூடாதா என்று பையன் கேட்பான். இங்கே ஏரியில் வலை கட்டும் இடங்களுக்குப் ‘பாடு’ என்று ஒரு முறை உண்டு. எந்த நாள் எந்த இடத்தில் யார் சுத்துவலை கட்டுவது என்பதை மீனவக் கிராமங்கள் சீட்டுப் போட்டு முறை வைத்துப் பிரித்துக்கொள்கின்றன. தலைமுறை தலைமுறையாக நடக்கும் நல்ல ஏற்பாடு, சண்டையைத் தவிர்க்கிறது. ஆனால் அந்தக் கிராமங்களில் உரிமை உள்ளவர்களுக்குத்தான் பாடு. இருளர்களுக்கு அதில் இடமில்லை. அவர்களுக்கு மிஞ்சியது ஓரத்துச் சேறும் இரண்டு கையும். எனக்கு இது எப்போதும் உறுத்துகிற விஷயம்.

இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள், ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளரும். வளர்ந்ததும் திரும்பக் கடலுக்குப் போகும். முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டால் குஞ்சு உள்ளே வராது, தண்ணீரும் கோடையில் உப்பேறிப் போகும். வலைக்காரர்களுக்கும் அப்போது கஷ்டம்தான். ஆனால் அவர்களில் பலரால் கடலுக்குப் போக முடியும். கையால் தடவுகிறவர்களுக்கு இந்த ஏரியை விட்டால் வேறு இடம் இல்லை. அந்த மாதிரி நாட்களில் என் வகுப்பில் சில பெஞ்சுகள் காலியாகிவிடும். குடும்பத்தோடு செங்கல் சூளைக்கோ வேறு கூலிக்கோ போய்விடுவார்கள்.

அதனால்தான் சொல்கிறேன், அவர்கள் தடவிக்கொண்டு போகும் வரிசைக்கு முன்னால் பிள்ளைகள் இறங்கிக் கலக்கினால் அன்றைக்கு அந்த இடத்தில் இறால் கலைந்துவிடும். வேறு பக்கம் கணுக்கால் தண்ணீரில் நிற்கட்டும், தப்பில்லை. ஆனால் வெறுங்காலோடு வேண்டாம். ஆளிச் சிப்பியின் ஓடு பிளேடு மாதிரி அறுக்கும். சேற்றில் திருக்கை மீன் கிடக்கும், காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நடந்தால் அதுவே விலகிப் போய்விடும்.

அம்மாவுக்கு: பாலம் தாண்டி லைட்ஹவுஸ் குப்பம் வரை வண்டியில் போகலாம். அங்கே கடற்கரை. அவர் உட்கார்ந்து காற்று வாங்கட்டும். முகத்துவாரத்துப் பக்கம் மட்டும் யாரும் இறங்கக் கூடாது, இழுப்பு அதிகம்.

பெரம்பூர்வாசி:

டீச்சர், மிக்க நன்றி. மனைவியிடமும் அம்மாவிடமும் முழுசாக வாசித்துக் காட்டினேன். இரண்டு சந்தேகம். போட்டோ எடுக்கலாமா? அப்புறம், அவர்களிடமே நேராக இறால் வாங்க முடியுமா, இல்லை மார்க்கெட்டில்தான் வாங்க வேண்டுமா?

கடலோரக் காளை:

இடையில் ஒரு கேள்வி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறதே, அப்போது இவர்களும் பிடிக்கக் கூடாதா?

ஏரிக்கரை டீச்சர்:

தடைக்காலம் கடலில் போகும் விசைப்படகுகளுக்கு. ஏரியில் கையால் பிடிப்பதற்கு இல்லை. ஆனால் அந்த மாதங்களில் தண்ணீர் வற்றி உப்பும் கூடியிருக்கும், பறி நிறைவது அபூர்வம்.

போட்டோ: கேட்டுவிட்டு எடுங்கள். தண்ணீரில் இருக்கும்போது கேட்காதீர்கள், வாயில் பறி இருக்கும், பதில் சொல்ல முடியாது. சேலையைத் தூக்கிச் செருகி ஈரத்தோடு வேலை செய்யும் பெண்களைக் கரையிலிருந்து வீடியோ எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. உங்கள் வீட்டுப் பெண்களை அப்படி ஒருவன் எடுத்தால் விடுவீர்களா? அவர்கள் கரையேறி மூச்சு வாங்கிய பிறகு உங்கள் மனைவியோ அம்மாவோ போய்ப் பேசட்டும். ‘எந்த ஊரும்மா, இன்னிக்கு எப்படி?’ என்று ஆரம்பித்தால் போதும், நிறையப் பேசுவார்கள். பையனுக்கு எப்படித் தடவுவது என்று கரையிலேயே கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுப்பார்கள்.

இறால்: நேராக வாங்கலாம், ஆனால் எல்லாரிடமும் கிடைக்காது. சிலர் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள், பிடித்ததை அவரிடம்தான் கொடுக்க வேண்டும். அப்படி இருந்தால் வற்புறுத்தாதீர்கள். மற்றவர்கள் கூறு போட்டு விற்பார்கள். சொன்ன விலையைக் கொடுங்கள். சென்னையில் நீங்கள் கொடுக்கும் விலையைவிட எப்படியும் குறைவாகத்தான் இருக்கும்.

அவர்கள் எப்போது இறங்குவார்கள் என்று கடிகாரம் பார்த்துச் சொல்ல முடியாது. தண்ணீரின் ஏற்ற வற்றம் பார்த்துத்தான் வருவார்கள். காலையிலேயே வந்துவிட்டால் பார்க்க வாய்ப்பு அதிகம். மூடி போட்ட தூக்கும் கொஞ்சம் ஐஸும் கொண்டுவாருங்கள்.

பூநாரை நேசன்:

ஒன்று சேர்க்கிறேன். ஊரில் பனையோலைப் பெட்டிகள் முடைந்து விற்கும் பெண்கள் இருக்கிறார்கள். சின்னப் பெண்ணுக்கு ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

பெரம்பூர்வாசி:

சரி, முடிவாகிவிட்டது. காணும் பொங்கலன்று கூட்டமாக இருக்கும் என்பதால் அதற்கு அடுத்த நாள் காலை முதல் லோக்கலில் கிளம்புகிறோம். தூக்கை அம்மா இப்போதே எடுத்து வைத்துவிட்டார். பொடி இறால் கிடைத்தால் கத்தரிக்காய் போட்டுத் தொக்கு, பெரிதாக இருந்தால் முருங்கைக்காய்க் குழம்பு என்று அவரும் மனைவியும் இப்போதே பேசிக்கொண்டிருக்கிறார்கள்.