அயர்லாந்து மடங்களின் கோபுரத்துக்கு வாசல் ஏன் ஆள் உயரத்துக்கும் மேலே?

சுவடிப்பித்தன்:
போன மாதம் அயர்லாந்தில் கிளெண்டலோக் என்ற இடத்துக்குப் போயிருந்தேன். 6-ஆம் நூற்றாண்டில் புனித கெவின் தொடங்கிய மடம், இப்போது இடிபாடுகளும் கல்லறைகளும்தான். நடுவில் சுமார் 30 மீட்டர் உயர வட்டக் கோபுரம் மட்டும் கம்பீரமாக நிற்கிறது. அதன் வாசல் தரையிலிருந்து மூன்றரை மீட்டர் மேலே! வைக்கிங்குகள் (வடக்கிலிருந்து கப்பலில் வந்த கொள்ளைக்காரர்கள்) வந்தால் துறவிகள் ஏறிக்கொண்டு ஏணியை உள்ளே இழுத்துக்கொள்வார்களாம், கூட வந்தவர் சொன்னார். உண்மையா?

மழைக்காகம்:
கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்கு நம்பிக்கையில்லை. ஐரிஷ் மொழியில் அதற்குப் பெயரே ‘க்ளொய்க்ஹ்தாக்’, மணிவீடு என்று அர்த்தம். உச்சியில் நான்கு திசைக்கும் நான்கு ஜன்னல் இருந்ததைப் பார்த்திருப்பீர்களே, மணியோசை நாலாபக்கமும் போகத்தான். வாசல் விஷயம் கட்டுமானக் கணக்கு என்றுதான் நினைக்கிறேன்: இந்தக் கோபுரங்களுக்கு அஸ்திவாரம் ஆழம் குறைவு, அடியிலேயே ஓட்டை போட்டால் சுவர் பலமிழக்கும்.

அப்புறம், உள்ளே மரத்தளங்கள், மர ஏணிகள். கீழே யாராவது தீ வைத்தால் கோபுரமே புகைபோக்கி ஆகிவிடும். அதற்குள் போய் ஒளிவதா?

கடைசிபெஞ்ச்:
ஒளிந்தார்களே! 950-இல் டப்ளின் வைக்கிங்குகள் ஸ்லேன் என்ற ஊரின் மணிவீட்டை எரித்தபோது உள்ளே நிறையப் பேர் இருந்தார்கள், புனிதரின் கைக்கோலும் மணிகளிலேயே சிறந்த மணியும் அவர்களோடு எரிந்தன என்று பழைய ஐரிஷ் ஆண்டுக்குறிப்புகள் சொல்கின்றன. ஆபத்து நேரத்தில் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு கண்ணில் பட்ட கல்கட்டடத்துக்குள் ஓடுவது மனித இயல்புதானே. அதற்காகவே கட்டினார்கள் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

சுவடிப்பித்தன்:
சரி, இரண்டு பேருக்கும் நன்றி. இன்னொன்று, கிளெண்டலோக் கூம்புக் கூரை மட்டும் எப்படி இத்தனை முழுசாக இருக்கிறது?

மழைக்காகம்:
அது 1876-இல் திரும்பக் கட்டியது, உள்ளே விழுந்து கிடந்த பழைய கற்களை வைத்தே. க்ளோன்மெக்னாய்ஸ் என்ற இன்னொரு மடத்தின் கோபுரத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஷானன் ஆற்றங்கரையில் இருக்கிற அந்தக் கோபுரத்தை 1124-இல் கட்டி முடித்தார்கள், 1135-இல் இடி விழுந்து தலை போய்விட்டது, இன்றும் மொட்டையாகத்தான் நிற்கிறது. அங்கே போனால் வெளியில் நிற்கும் சிற்பச் சிலுவைகளைப் படமெடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள், அவை நகல்கள். மழையில் கரையாமல் இருக்க அசலை உள்ளே அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.