புதுப்பிப்பு: 4கே படங்களுக்கான வீட்டு மீடியா சர்வர்

பழைய மேசைக் கணினியில் 4கே படங்கள் திக்கித் திக்கி ஓடுவதால் தனி கிராஃபிக்ஸ் அட்டை வாங்க வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். அதை வாங்கவில்லை, இன்டெல் என்100 செயலி கொண்ட சிறிய கணினி ஒன்றில், சேமித்த படங்களை வீட்டின் மற்ற கருவிகளுக்கு அனுப்பும் ஜெல்லிஃபின் மென்பொருளை நிறுவியிருக்கிறேன்.

வெறும் 6 வாட் செயலியால் இது முடியுமா என்ற ஐயம் எனக்கும் இருந்தது. ஆனால் 10 பிட் எச்இவிசி (4கே படங்களில் பரவலான சுருக்க முறை) காணொளியைப் பிரித்து மறுகுறியேற்றம் செய்யும், அதாவது வேறு வடிவத்துக்கு மாற்றும் பணியை, செயலியிலுள்ள குயிக் சிங்க் எனப்படும் தனிச் சுற்றமைப்பு ஏற்றுக்கொள்வதால், கைபேசிக்காக 1080பி அளவுக்குக் குறைத்து அனுப்பும்போதும் படம் தடைபடுவதில்லை. அமைப்புகளில் இவ்வசதியை நாமே இயக்க வேண்டும் என்பதை மறவாதீர்கள்.

தொலைக்காட்சியில் மட்டும் சில படங்கள் நின்று நின்றே ஓடின. காரணம் சர்வரில் இல்லை: தொலைக்காட்சியின் ஈதர்நெட் இணைப்பு நொடிக்கு 100 மெகாபிட் வேகம் மட்டுமே கொண்டது, 4கே ப்ளூ-ரே வட்டின் தரவோ உச்சத்தில் 128 மெகாபிட் வரை செல்லக்கூடும். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றியதும் சீராகிவிட்டது.

பட வடிவிலான பிஜிஎஸ் துணைத்தலைப்புகளை இப்போதும் தவிர்த்தே வருகிறேன். தொலைக்காட்சியால் அவற்றைக் காட்ட இயலாதபோது, சர்வர் முழுப் படத்தையும் மறுகுறியேற்றம் செய்ய நேர்கிறது.